போஸ்னியாவின் போலீஸ் சீர்திருத்தம்: சர்வதேச மத்தியஸ்தம் எப்படி வேலை செய்தது? ஒரு மதிப்புரை

பிளவுபட்ட ஒரு நாட்டில் போலீஸ் சீர்திருத்தம் நகராமல் நின்றுவிட்டால் வெளியிலிருந்து மத்தியஸ்தரை வரவழைப்பது கடந்த முப்பது ஆண்டுகளாக வழக்கமாகிவிட்டது. அதை ஒரு சேவையாகவே எடுத்துக்கொண்டு மதிப்பிடலாம். தருபவர் இருக்கிறார், பெறுபவர் இருக்கிறார், விலை இருக்கிறது, தருவதாகச் சொன்ன பொருளும் இருக்கிறது. இந்தச் சேவை முழு அதிகாரத்தோடும் முழுப் பரிவாரத்தோடும் வழங்கப்பட்ட இடம் போஸ்னியா-ஹெர்சகோவினா. 2004 ஜூலை முதல் 2008 ஏப்ரல் வரை அங்கே நடந்ததை இங்கே எடுத்துக்கொள்கிறோம். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: அதற்கு முன்பு செய்யப்பட்ட சின்னச் சின்ன, அலுப்பூட்டும் வேலைகள் நிலைத்தன. பிறகு வந்த பெரிய திட்டம் நிலைக்கவில்லை. பணமோ ஆளோ குறைந்ததால் அல்ல, பேச்சைத் தொடங்கிய இடமே தவறு என்பதால்.

முதலில் நிலவரம். 1992 முதல் 1995 வரை நடந்த போருக்குப் பிறகு அமெரிக்காவின் டேட்டன் விமானப்படைத் தளத்தில் ஒப்பந்தம் உருவானது. நாடு ஒன்று, உள்ளே பகுதிகள் இரண்டு. நிலத்தில் 51 சதவீதம் போஸ்னியாக்குகளும் (போஸ்னிய முஸ்லிம்கள்) குரோட்டுகளும் சேர்ந்த கூட்டமைப்புக்கு, 49 சதவீதம் செர்பியர்களின் ரெபுப்ளிகா ஸ்ர்ப்ஸ்காவுக்கு. கூட்டமைப்புக்குள் மறுபடி 10 மாவட்டங்கள். அவற்றைக் கேண்டன் என்கிறார்கள். எந்தப் பகுதியிலும் சேராத பிர்ச்கோ தனி. போலீஸ் அதிகாரமும் இதே வெட்டில்தான் பிரிந்தது. 2004-இல் எண்ணினால் ஸ்ர்ப்ஸ்காவுக்கு ஒரு போலீஸ், கூட்டமைப்புக்கு ஒன்று, கேண்டன்களுக்குப் பத்து, பிர்ச்கோவுக்கு ஒன்று, எல்லைக் காவல் ஒன்று, சிபா என்ற மத்தியப் புலனாய்வு அமைப்பு ஒன்று. ஆக 15. மக்கள்தொகையோ 40 லட்சத்துக்கும் குறைவு.

இந்தக் கணக்கைப் பார்த்தால் 'எல்லாவற்றையும் ஒன்றாக்கினால் என்ன' என்றுதான் யாருக்கும் தோன்றும். மத்தியஸ்தர்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் இந்த 15-இல் ஒரு கோணல் இருக்கிறது. கூட்டமைப்புப் பக்கம் அதிகாரம் பதினோரு துண்டாகச் சிதறிக் கிடந்தது. ஸ்ர்ப்ஸ்கா பக்கம் ஒரே அமைச்சகத்தில் இறுகியிருந்தது. எனவே 'ஒன்றாக்குவோம்' என்றால் ஒரு பக்கம் ஏற்கெனவே கையில் இல்லாததை விட்டுக்கொடுக்கிறது, மறுபக்கம் கையில் இறுகப் பிடித்திருப்பதை விடுகிறது. பேச்சுவார்த்தை மேசைக்கு வருமுன்பே தராசு சாய்ந்திருந்தது. குரோட்டுக் கட்சிகளும் தங்கள் கேண்டன் போலீஸை நினைத்துத் தயங்கின. ஆனால் ஸ்ர்ப்ஸ்கா முன்னால் நின்று மறுத்துக்கொண்டிருந்ததால் அவர்கள் வாய் திறக்க வேண்டிய அவசியமே வரவில்லை.

2004-க்கு முன்பு வந்த சேவையை முதலில் பார்ப்போம், ஏனென்றால் ஒப்பிட வேண்டியது அதோடுதான். டேட்டன் ஒப்பந்தத்தின் 11-ஆவது இணைப்பு, ஐ.நா.வின் சர்வதேசப் போலீஸ் படையை உருவாக்கியது. அவர்கள் கையில் துப்பாக்கி இல்லை, யாரையும் கைது செய்யும் அதிகாரமும் இல்லை. போர் முடிந்தபோது மூன்று தரப்பிலும் சேர்த்துச் சுமார் 44,000 பேர் போலீஸ் சீருடையில் இருந்தார்கள். பலர் நேற்றுவரை போர் வீரர்கள். இந்தக் கூட்டத்தை வடிகட்டுவதுதான் வேலை. ஒவ்வொருவரையும் பெயர் பதிந்தார்கள், தற்காலிக அனுமதி தந்தார்கள், பிறகு பின்னணியைத் துருவினார்கள். போர்க்காலத்தில் எங்கே இருந்தார், என்ன செய்தார், படிப்பு என்ன, குடியுரிமை சரியா என்று பார்த்தார்கள். இன்னொரு கேள்வியும் இருந்தது: இப்போது குடியிருக்கும் வீடு யாருடையது? விரட்டப்பட்டவரின் வீட்டில் குடியிருக்கும் போலீஸ்காரர், அந்த வீட்டுக்காரர் திரும்பி வந்து புகார் கொடுத்தால் எப்படி எழுதிக்கொள்வார்? அதனால் வீட்டைக் காலி செய்யாதவருக்குச் சான்றிதழ் கிடையாது. 2002 இறுதியில் ஐ.நா. பணி முடிந்தபோது சான்றிதழ் பெற்றவர்கள் சுமார் 16,000 பேர்.

இதன் குறையையும் சொல்லியாக வேண்டும். சான்றிதழ் மறுக்கப்பட்டவர் வெளியாள் ஒருவரிடம் முறையிட வழி வைக்கப்படவில்லை. உள்ளூர் நீதிமன்றம் ஐ.நா.வின் முடிவைத் தொட முடியாது, ஐ.நா.வோ 2002-இல் கிளம்பிவிட்டது. போலீஸ் வேலை வாழ்நாள் முழுக்கக் கிடையாது என்ற தீர்ப்பு, கேட்க ஆளில்லாமல் தொங்கியது. ஐரோப்பியக் கவுன்சிலின் சட்ட ஆலோசனை அமைப்பான வெனிஸ் ஆணையம் 2005-இல் இதைச் சுட்டிக்காட்டியது. 2007 ஏப்ரலில்தான் ஐ.நா. பாதுகாப்புச் சபை, அவர்கள் மறுபடி விண்ணப்பிக்கலாம் என்று கதவைத் திறந்தது. இடையில் வீணான ஆண்டுகள் தேவையே இல்லாதவை. வடிகட்டும் வேலையை எடுப்பவர்கள் முதல் நாளே மேல்முறையீட்டுக் குழுவை அமைத்து, தாங்கள் கிளம்பிய பிறகும் அது இயங்க ஏற்பாடு செய்துவிட வேண்டும். போஸ்னியா கற்றுத்தந்த பாடங்களில் மிகச் செலவு குறைந்தது இதுதான், இருந்தும் கவனிக்கப்படாமல் போனது.

அதே காலத்தில் நடந்த இன்னொரு வேலையை விரிவாகச் சொல்லத் தோன்றுகிறது. அது நம்பர் பிளேட். போர் முடிந்த பிறகும் வண்டியின் பலகையைப் பார்த்தாலே அது எந்தப் பக்கத்து வண்டி என்று தெரிந்துவிடும். எல்லைக்கோட்டைத் தாண்டிய வண்டியைப் போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்துவார். அதற்குமேல் என்ன நடக்கும் என்பது அவர் கையில். ஆகவே மக்கள் தாண்டவே அஞ்சினார்கள். 1998-இல், டேட்டன் ஒப்பந்தம் நடக்கிறதா என்று பார்க்கும் சர்வதேசப் பொறுப்பாளரான அப்போதைய உயர் பிரதிநிதி கார்லோஸ் வெஸ்டென்டோர்ப் நாடு முழுவதற்கும் ஒரே பலகையைக் கொண்டுவந்தார். மூன்று எண், நடுவில் ஒரு எழுத்து, மீண்டும் மூன்று எண். ஊர்ப் பெயர் இல்லை, பகுதி அடையாளம் இல்லை. அந்த ஓர் எழுத்தைத் தேர்ந்த விதத்தில்தான் அக்கறை தெரிகிறது. செர்பியர்கள் சிரில்லிக்கில் எழுதுகிறார்கள், மற்றவர்கள் லத்தீனில். இரண்டிலும் ஒரே வடிவில் வரும் ஏ, இ, ஜே, கே, எம், ஓ, டி ஆகிய ஏழு எழுத்துகளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். எந்தத் தரப்பும் தன் எழுத்தை இழக்கவில்லை, அடுத்தவர் எழுத்தைச் சுமக்கவும் இல்லை. யார் எந்தப் பக்கம் என்று பலகையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாமல் போனதும் சாலைகளில் போக்குவரத்து கூடியது. இதுவும் திணிக்கப்பட்ட முடிவுதான், ஒப்புக்கொள்கிறோம். ஆனாலும் நின்றது. அதை எதிர்த்து யாரும் தெருவில் இறங்கவில்லை, ஏனென்றால் அதில் எவருக்கும் தோல்வி இல்லை.

இந்தக் கட்டத்துக்கு நாங்கள் தரும் மதிப்பெண் 10-க்கு 6. மேல்முறையீடு வைத்திருந்தால் 7.

இப்போது பெரிய திட்டத்துக்கு வருவோம். 2003 நவம்பரில் ஐரோப்பிய ஆணையம் போஸ்னியாவுக்கு 16 நிபந்தனைகள் போட்டது. அவற்றை நிறைவேற்றினால் நிலைப்படுத்தல்-இணைவு ஒப்பந்தத்துக்கான பேச்சு தொடங்கும். ஐரோப்பிய ஒன்றியத்தை நோக்கிய முதல் படி அது. அந்த நிபந்தனைகளில் ஒன்றான போலீஸ் விஷயம் போகப் போகத் தலையாய நிபந்தனையாக வளர்ந்தது. சேவை தந்தவர் உயர் பிரதிநிதி பேடி ஆஷ்டவுன். டேட்டன் ஒப்பந்தத்தின் 10-ஆவது இணைப்பு உருவாக்கிய பதவி அது. 1997 டிசம்பரில் பான் நகரில் கூடிய நாடுகள் அதற்குக் கூடுதல் பலம் கொடுத்தன: சட்டத்தைத் தாமே போடலாம், தேர்ந்தெடுக்கப்பட்டவரையும் பதவி நீக்கலாம். ஆஷ்டவுன் ஐரோப்பிய ஒன்றியத்தின் சிறப்புப் பிரதிநிதியும்கூட. அதாவது பரிசைக் காட்டும் கையும் பிரம்பைப் பிடித்த கையும் ஒருவருடையவை.

தொடக்கத்தின் தேதிகளைக் கவனியுங்கள். 2004 ஜூன் 30: போர்க்குற்றங்களை விசாரித்த ஹேக் நீதிமன்றத்தோடு ஒத்துழைக்கவில்லை என்று ஸ்ர்ப்ஸ்காவின் 59 பொறுப்பாளர்களை ஆஷ்டவுன் ஒரே நாளில் நீக்கினார். ஜூலை 5: போலீஸ் மறுசீரமைப்பு ஆணையத்தை அமைத்தார். இடையில் ஐந்தே நாள். போர்க்குற்றவாளிகளைப் பிடிக்காமல் அந்தப் போலீஸ் அமைப்பு காபந்து செய்தது என்ற கோபம் நியாயமானது. 1995-இல் படுகொலை நடந்த ஸ்ரெப்ரெனிட்சாவில் பிள்ளைகளை இழந்த தாய்மார்களுக்கு அந்தச் சீருடையைப் பார்க்கவே மனம் பதறும் என்பதை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் மத்தியஸ்தம் என்ற வேலைக்கு இந்த ஐந்து நாள் செய்த கெடுதல் பெரிது. சீர்திருத்தம் என்பது தண்டனையின் அடுத்த தவணை என்று ஒரு தரப்பு முதல் வாரத்திலேயே முடிவுகட்டிவிட்டது. அதன்பிறகு எந்தத் தொழில்நுட்ப வாதமும் அவர்கள் காதில் ஏறவில்லை.

ஆணையத்தின் தலைவர் வில்ஃப்ரீட் மார்ட்டென்ஸ், பெல்ஜியத்தின் முன்னாள் பிரதமர். மொழியால் பிளவுபட்ட நாட்டை ஆண்ட அனுபவசாலி, நல்ல தேர்வு. ஆனால் ஆணையத்துக்குக் கொடுத்த உத்தரவிலேயே விடை எழுதப்பட்டிருந்தது: நாடு முழுவதற்கும் ஒரே போலீஸ் அமைப்பு, மத்திய அமைச்சகத்தின் கீழ். ஆணையம் ஆராய வேண்டியது 'எப்படி' என்பதை மட்டும். 'வேண்டுமா' என்பதை அல்ல. மத்தியஸ்தத்தில் இது அடிப்படைப் பிழை. விடை தெரிந்த ஆணையத்தில் உட்காரும் மறுப்பாளருக்கு ஒரே வேலைதான் மிச்சம், மறுப்பைப் பதிவு செய்வது. ஸ்ர்ப்ஸ்காவின் பிரதிநிதிகள் அதைத்தான் செய்தார்கள். 2004 டிசம்பரில் அறிக்கை முடிந்தது, உடன்பாடு இல்லாமல்.

இடையில் நவம்பரில், ஐரோப்பிய ஆணையத்தின் வெளியுறவுப் பொறுப்பில் இருந்த கிறிஸ் பேட்டன் போஸ்னியப் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அதிலிருந்து பிறந்தவை மூன்று கோட்பாடுகள். ஒன்று, போலீஸ் பற்றிய சட்டமும் பட்ஜெட்டும் மத்திய அரசின் கையில். இரண்டு, அன்றாடப் போலீஸ் வேலையில் அரசியல் தலையீடு கூடாது. மூன்று, உள்ளூர்ப் போலீஸ் வட்டாரங்களின் எல்லையைத் தொழில்முறை அளவுகோல் வைத்து வரைய வேண்டும்.

மூன்றையும் தனித்தனியே எடை போட்டால் இரண்டாவதுதான் தெருவில் நடப்பவருக்கு நேரடியாகப் பயன்படும். அமைச்சர் போன் போட்டு வழக்கை நிறுத்தும் பழக்கம் எல்லாத் தரப்பிலும் இருந்த நோய். அதற்கு மருந்தும் ஏற்கெனவே பாதி கொடுத்தாயிற்று: ஐ.நா. காலத்திலேயே கேண்டன்களில் அமைச்சருக்குக் கீழ்ப்படாத போலீஸ் ஆணையர்களையும், ஸ்ர்ப்ஸ்காவில் போலீஸ் இயக்குநரையும் சுயேச்சையான தேர்வுக் குழு மூலம் அமர்த்தும் முறை வந்திருந்தது. அதைப் பலப்படுத்தியிருந்தால் எந்தப் பகுதியின் இருப்புக்கும் ஆபத்தில்லை, பலன் மட்டும் எல்லோருக்கும். ஆனால் நான்கு வருடப் பேச்சில் இந்த இரண்டாம் கோட்பாடுதான் மிகக் குறைவாகப் பேசப்பட்டது. சண்டை முழுக்க முதலாவதிலும் மூன்றாவதிலும்.

மூன்றாவதன் சிக்கல் வரைபடத்தில் இருந்தது. சரயேவோவின் ஓரத்தில் பகுதிகளுக்கு இடையிலான கோடு குடியிருப்புகளை ஒட்டிப் போகிறது. நகரத்தின் கிழக்குப் புறம் ஸ்ர்ப்ஸ்காவைச் சேர்ந்த கிழக்கு சரயேவோ. தெருவைக் கடந்தால் போலீஸ் மாறிவிடும். திருடன் கோட்டைத் தாண்டிவிட்டால் துரத்தி வரும் போலீஸ் நிற்க வேண்டும் என்பதுதான் ஆஷ்டவுன் தரப்பின் முதன்மை வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. மக்கள்தொகை, குற்ற எண்ணிக்கை, சாலைத் தொடர்பு இவற்றை வைத்து வட்டாரம் வரைந்தால் சில வட்டாரங்கள் அந்தக் கோட்டைக் கடந்தே தீரும். ஆனால் ஸ்ர்ப்ஸ்காவுக்கு அந்தக் கோடுதான் உயிர்நாடி. போலீஸ் வட்டாரம் கோட்டைக் கடந்தால் நாளை கோடே போய்விடும் என்று அவர்கள் படித்தார்கள். எதிர்த்தரப்பில் சிலர் அதைத்தான் விரும்பினார்கள், வெளிப்படையாகவும் சொன்னார்கள். ஆகவே அந்த அச்சத்தை வெறும் பிடிவாதம் என்று தள்ள முடியாது. துரத்தல்தான் பிரச்சினை என்றால் அதற்குத் தனி மருந்து உண்டு: கோட்டைத் தாண்டிக் குறிப்பிட்ட தூரம்வரை துரத்தலாம் என்ற உடன்படிக்கை, பொது ரேடியோ அலைவரிசை, பொதுத் தகவல் தளம். ஐரோப்பாவில் தனித்தனி நாடுகளே எல்லை தாண்டித் துரத்த இப்படி உடன்படிக்கை வைத்திருக்கின்றன. ஒரு நாட்டுக்குள் அது முடியாததல்ல.

முதல் கோட்பாட்டுக்கு இன்னொரு பலவீனம். அதை 'ஐரோப்பியத் தரம்' என்று விற்றார்கள். அப்படி ஒரு தரமே கிடையாது. ஜெர்மனியில் போலீஸ் மாநிலங்களின் கையில். சுவிட்சர்லாந்தில் 26 கேண்டனுக்கும் தனித்தனிப் போலீஸ். மார்ட்டென்ஸின் சொந்த நாடான பெல்ஜியமே 1998-இல் சட்டம் போட்டுப் பழைய படைகளைக் கலைத்தபோது ஒரு மத்தியப் போலீஸோடு நின்றுவிடாமல் உள்ளூர்ப் போலீஸ் வட்டாரங்களையும் சேர்த்தே அமைத்தது. ஆஷ்டவுனுக்குப் பிறகு 2006-இல் உயர் பிரதிநிதியாக வந்த கிறிஸ்டியான் ஷ்வார்ட்ஸ்-ஷில்லிங் ஜெர்மானியர். போலீஸ் மாநிலத்துக்குச் சொந்தமான நாட்டிலிருந்து வந்து, மாநிலத்திடமிருந்து போலீஸை எடுக்கச் சொல்ல வேண்டிய நிலை அவருக்கு. இந்த ஓட்டையை எதிர்த்தரப்பு கண்டுபிடிக்க வெகுநாள் ஆகவில்லை. மத்தியஸ்தர் 'இதுதான் உலக வழக்கம்' என்று ஒன்றைச் சொல்லும்போது அது உண்மையிலேயே உலக வழக்கமாக இருக்க வேண்டும். ஒருமுறை பொய்த்தால் அடுத்த வாதம் எடுபடாது.

மத்தியஸ்தர்களின் தன்னம்பிக்கைக்கு ஒரு காரணமும் உண்டு. மூன்று இராணுவங்களாகப் போரிட்டவர்களை ஒரே இராணுவமாக்கும் சட்டம் 2006 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதே நாளில் நாடு முழுவதற்கும் 17 சதவீத மதிப்புக்கூட்டு வரி வந்தது. இராணுவமே ஒன்றானபோது போலீஸ் ஏன் ஆகாது? ஆகாததற்குக் காரணங்கள் தெளிவு. நேட்டோவுக்கு எழுதிவைத்த தரம் உண்டு, ஐயத்துக்கு இடமில்லை. இராணுவம் முகாமில் இருக்கிறது, செலவு வைக்கிறது, ஏழைப் பட்ஜெட்டுக்குப் பாரம். போலீஸ் தெருவில் இருக்கிறது. வேலைவாய்ப்பு, ஆதரவாளருக்குப் பதவி, எதிராளி மேல் வழக்கு, தன் மக்களுக்குப் பாதுகாப்பு என்ற உணர்வு எல்லாம் அதில். உள்ளூர் அரசியலின் அன்றாட முதல் அது. இராணுவப் பேச்சில் வென்ற அதே செய்முறையைப் போலீஸுக்குத் தூக்கிவந்தது தவறு.

2005 மே மாதம் ஸ்ர்ப்ஸ்கா சட்டமன்றம் மறுத்தது. செப்டம்பரில் மறுபடி மறுத்தது. அக்டோபர் 5-இல் ஒப்புக்கொண்டது. நவம்பர் 25-இல் ஐரோப்பிய ஒன்றியம் பேச்சைத் தொடங்கியது. செய்தித்தாள்களில் வெற்றி. ஆனால் ஒப்பந்தத்தைப் பிரித்துப் பார்த்தால், மூன்று கோட்பாடுகளும் சொல்லளவில் இருந்தன. வட்டாரம் எப்படி வரையப்படும், அதிகாரம் எப்படி மாறும் என்பதெல்லாம் புதிதாக அமையும் ஓர் இயக்குநரகத்தின் தலையில் கட்டப்பட்டிருந்தது. அது 2006-க்குள் திட்டம் தர வேண்டும், செயல்படுத்த ஐந்தாண்டு. கஷ்டமான கேள்விகளை எல்லாம் மேசையிலிருந்து எடுத்து இழுப்பறைக்குள் போட்டு மூடிய ஒப்பந்தம் அது.

அந்த இயக்குநரகத்தின் கதிதான் இந்த மதிப்புரையில் நாங்கள் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது. அதன் வழிகாட்டுக் குழுவில் பெரும்பான்மை வாக்கில் முடிவெடுப்பது வழக்கமானது. 2006 தொடக்கத்தில் ஸ்ர்ப்ஸ்காவின் பிரதமராக வந்த மிலோராத் டோடிக்குக்கு அது போதுமான காரணம். எங்களை வாக்கில் தோற்கடிக்கிறார்கள் என்று சொல்லி, மே மாதம் தன் ஆட்களைப் 'பார்வையாளர்' ஆக்கிவிட்டார். அவர்கள் வெளியேறவில்லை, கதவைச் சாத்தவும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள், கை தூக்கவில்லை, அவ்வளவுதான். ஓராண்டுக்கும் மேலான பேச்சு, இரண்டு மறுப்பு, ஓர் ஒப்பந்தம் எல்லாம் அந்த ஒரு சொல்லில் முடங்கின. நிறைவேற்றும் குழுவின் வாக்குமுறையை ஒப்பந்தத்துக்குள்ளேயே எழுதுங்கள். எதற்குப் பெரும்பான்மை போதும், எதற்கு எல்லோர் சம்மதமும் வேண்டும், யாராவது விலகினால் அடுத்த நாள் என்ன நடக்கும் என்று. அது எழுதப்படாத ஒப்பந்தத்துக்கு நாங்கள் மதிப்பெண் தரமாட்டோம். அதே 2006 ஏப்ரலில் அரசியலமைப்புத் திருத்தம் இரண்டே வாக்கில் தோற்றதும், அக்டோபர் தேர்தலும் இடையில் இருந்த கொஞ்ச நல்லெண்ணத்தையும் கரைத்துவிட்டன.

2007 ஜூலையில் புதிய உயர் பிரதிநிதியாக ஸ்லோவாக்கியாவின் மிரோஸ்லாவ் லாய்ச்சாக் வந்தார். ஆகஸ்ட் இறுதியில் வரைவு ஒன்றை வைத்தார், எடுபடவில்லை. அக்டோபர் 19-இல் பிரம்பை எடுத்தார்: மத்திய அமைச்சரவையில் ஒரு தரப்பு வராமலிருந்தே முடிவைத் தடுக்க முடியாதபடி விதியை மாற்றினார். மத்தியப் பிரதமர் நிகோலா ஷ்பிரிச் நவம்பர் 1-இல் பதவி விலகினார். இந்தக் கலவரத்துக்கு நடுவே அக்டோபர் 28-இல் ஆறு கட்சித் தலைவர்கள் மோஸ்தாரில் கூடி ஒரு பிரகடனத்தில் கையெழுத்திட்டார்கள். டிசம்பர் 4-இல் ஐரோப்பிய ஒப்பந்தத்துக்கு முதல் கையொப்பம். 2008 ஏப்ரலில் மத்தியப் பாராளுமன்றம் இரண்டு சட்டங்களை நிறைவேற்றியது. ஜூன் 16-இல் லக்ஸம்பர்க்கில் ஒப்பந்தம் கையெழுத்தானது.

அந்த இரண்டு சட்டங்களில் என்ன இருந்தது? மத்தியில் புதிதாக ஏழு அமைப்புகள். ஒருங்கிணைப்பு இயக்குநரகம், தடய அறிவியல் நிறுவனம், மோஸ்தாரில் பயிற்சி நிறுவனம், போலீஸ் உதவி நிறுவனம், மேலும் தேர்வுக்கும் புகாருக்கும் மூன்று குழுக்கள். ஸ்ர்ப்ஸ்கா போலீஸ் அப்படியே. கூட்டமைப்பும் கேண்டன்களும் அப்படியே. அவற்றை என்ன செய்வது என்பது அரசியலமைப்பு மாற்றத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளப்படும் என்று ஒரு வரி. அந்த மாற்றம் வரவேயில்லை. பதினைந்து அமைப்புகளைக் குறைக்கக் கிளம்பிய வேலை அவற்றோடு புதிதாக ஏழைச் சேர்த்துவிட்டு முடிந்தது. 2005-இல் 'மூன்று கோட்பாடும் இல்லாமல் பேச்சே இல்லை' என்று சொன்ன அதே ஐரோப்பிய ஒன்றியம் இதை ஏற்றுக்கொண்டது. பிப்ரவரியில் கொசோவோ செர்பியாவிலிருந்து பிரிந்து தனி நாடாக அறிவித்துக்கொண்டிருந்தது, ஏப்ரல் இறுதியில் செர்பியாவோடு இதே ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்த நேரத்தில் போஸ்னியாவை வெளியே நிறுத்தி வைக்க முடியாது என்பது எங்கள் கணிப்பு. காரணம் எதுவானாலும், காத்திருந்தால் விலை இறங்கும் என்பதை அந்த நாட்டின் அரசியல்வாதிகள் எல்லோரும் அன்று பார்த்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு வந்த எந்த நிபந்தனைக்கும் பழைய மதிப்பு இல்லை.

இந்தக் கட்டத்துக்கு 10-க்கு 3. அந்த மூன்றும் தடய அறிவியலுக்கும் பயிற்சிக்கும்.

ஒப்பிட இரண்டு இடங்கள். வட அயர்லாந்தில் 1998 ஏப்ரல் அமைதி உடன்படிக்கையிலேயே போலீஸ் ஆணையத்தின் வேலை என்ன என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள். தலைவர், பின்னாளில் போஸ்னியாவுக்குக் கடிதம் எழுதிய அதே கிறிஸ் பேட்டன். 1999 செப்டம்பரில் 175 பரிந்துரைகள். சேரும் புதியவர்களில் பாதி கத்தோலிக்கர், பாதி மற்றவர் என்ற விதி. அது 2011 வரை நீடித்தது. சுமார் 8 சதவீதமாக இருந்த கத்தோலிக்கர் பங்கு 30-ஐ நெருங்கியது. ஒவ்வொரு பரிந்துரையும் எவ்வளவு நடந்தது என்று எண்ணிச் சொல்ல வெளிநாட்டு மேற்பார்வையாளர் ஒருவர் 2007 வரை தொடர்ந்து அறிக்கை தந்தார். புகாருக்குத் தனி அதிகாரி, மேற்பார்வைக்கு 19 பேர் கொண்ட போலீஸ் வாரியம். அந்த வாரியத்தின் முதல் சோதனை தொப்பியில் குத்தும் சின்னம். கிரீடம் வேண்டாம் என்று ஒரு தரப்பு, வேண்டும் என்று மறுதரப்பு. கடைசியில் யாழ், கிரீடம், ஷாம்ராக் இலை, லாரல் இலை, தீப்பந்தம், தராசு என்று ஆறையும் சுற்றி வைத்து ஒப்புக்கொண்டார்கள். நம்பர் பிளேட்டில் எல்லாருடைய அடையாளத்தையும் எடுத்தார்கள். இங்கே எல்லாருடையதையும் சேர்த்தார்கள். வழி வேறு, யாரும் தோற்கவில்லை என்பது ஒன்று. இதற்கும் ஐரிஷ் தேசியவாதக் கட்சியான ஷின் ஃபெய்ன் போலீஸை ஏற்க 2007 ஜனவரி ஆனது. அதுவரை வாரியத்தில் அவர்கள் நாற்காலி காலியாக இருந்தது, வேலை நிற்கவில்லை.

மாசிடோனியாவில் 2001 ஆகஸ்டில் ஓஹ்ரிட் அமைதி ஒப்பந்தம். அதில் போலீஸ் பற்றிய பகுதி கறாரானது: 2002 ஜூலைக்குள் சிறுபான்மையினரிலிருந்து 500 புதிய போலீஸார், 2003 ஜூலைக்குள் இன்னொரு 500. எண், தேதி, யார் பயிற்சி தருவது எல்லாம் எழுத்தில். நடந்ததா இல்லையா என்பதைப் பயிற்சிப் பள்ளியின் வருகைப் பதிவேட்டை வைத்தே சொல்லிவிடலாம். 'தொழில்முறை அளவுகோல்' போன்ற சொற்றொடரை அப்படி எண்ண முடியாது. ஒவ்வொருவரும் தனக்கு வேண்டியபடி வாசித்துக்கொள்ளலாம், வாசித்துக்கொண்டார்கள்.

போஸ்னியாவுக்குள்ளேயே பிர்ச்கோ இருக்கிறது. மூன்று மக்களும் ஒரே போலீஸில், 2000-இலிருந்து. அங்கே நடந்தது மத்தியஸ்தம் அல்ல; இரு தரப்பும் முன்பே கட்டுப்பட ஒப்புக்கொண்ட நடுவர் தீர்ப்பு, அதன் கூடவே ஊரிலேயே குடியிருந்த மேற்பார்வையாளர். சிறிய ஊர் என்பதால் முடிந்தது, மறுக்கவில்லை. ஆனால் கட்டளையிட வேண்டிய இடத்தில் நடுவராகவும், பேச வேண்டிய இடத்தில் மத்தியஸ்தராகவும் வர வேண்டும். இரண்டையும் ஒரே ஆள் ஒரே மேசையில் செய்ததுதான் சரயேவோவில் கெட்டது.

இந்தச் சேவையை இனி எடுக்கப்போகிறவர்களுக்கு எங்கள் யோசனை: பதவி நீக்கும் அதிகாரம் உள்ளவரை மத்தியஸ்தர் நாற்காலியில் உட்கார வைக்காதீர்கள். புகார், மேல்முறையீடு, அமைச்சர் தலையீடு, பொதுத் தகவல் தளம் இவற்றிலிருந்து தொடங்குங்கள், வரைபடத்தைக் கடைசிக்கு வையுங்கள். பரிசைத் துண்டு துண்டாகக் கொடுங்கள், ஒவ்வொரு துண்டுக்கும் எண்ணிப் பார்க்கக்கூடிய ஒரு வேலையைக் கட்டுங்கள். முழுப் பரிசை ஒரே சொற்றொடரில் கட்டினால், பரிசைத் தருபவருக்கே அவசரம் வரும் நாளில் அந்தச் சொற்றொடர்தான் முதலில் கழன்றுவிழும்.

அப்படிக் கழன்றுவிழுந்ததன் பலன் 17 ஆண்டு கழித்துத் தெரிந்தது. 2025 பிப்ரவரியில் உயர் பிரதிநிதியின் முடிவுகளை மீறியதற்காக டோடிக்குக்கு மத்திய நீதிமன்றம் ஓராண்டுச் சிறை விதித்தது. ஸ்ர்ப்ஸ்கா சட்டமன்றம் உடனே மத்தியப் போலீஸான சிபா தன் பகுதியில் செயல்படக்கூடாது என்று சட்டம் போட்டது. அரசியலமைப்பு நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. வேறொரு வழக்கில் டோடிக்கைக் கைது செய்ய உத்தரவு வந்தது. ஏப்ரல் 23-ஆம் தேதி சிபா ஆட்கள் கிழக்கு சரயேவோவுக்குப் போனார்கள். அங்கே ஸ்ர்ப்ஸ்கா போலீஸ் ஆயுதத்தோடு நின்றது. சிபா வண்டிகள் திரும்பின.